அன்று ஆளுக்குக் கடன், இன்று வாடகைக்குக் கடன்

பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நகரத்தாரிடம் கடன் கொடுக்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. சின்ன வயதிலேயே கப்பலேறிப் போய்ப் பெட்டியடிப் பையனாகச் சேர வேண்டும். எடுபிடி வேலை, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, ராத்திரி கணக்குப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்களை ஒப்பிடுவது என்று நாட்கள் போகும். தேறினால் அடுத்தாள். இன்னும் தேறினால் மேலாள். கடையின் முதல் முழுக்க மேலாளின் பொறுப்பு. முதலாளி செட்டிநாட்டில் ஏதோ ஓர் ஊரில் இருப்பார். மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது கொடுத்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஐந்தொகை பேசும். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்தப் படிகள் பழக்கமானவை. கதை பினாங்கில் நடந்தாலும், ஏணி ஒன்றுதான்.

இன்று சென்னையில் வணிகக் கட்டடங்களுக்குக் கடன் கொடுக்கிற வங்கியிலோ, அவற்றில் பணம் போடுகிற முதலீட்டு நிதியிலோ சேருகிற இளைஞருக்கும் ஏணி உண்டு. அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடென்ட், டைரக்டர். உள்ளே நுழைய சி.ஏ., எம்.பி.ஏ., அல்லது சிவில் இன்ஜினியரிங் பட்டத்தோடு எக்செலில் நல்ல கை. இரண்டு ஏணிகளுக்கும் இடையே நூறாண்டு இடைவெளிகூட இல்லை. அதற்குள் இந்தத் தொழிலின் முதல் கேள்வியே மாறிவிட்டது. கடன் கேட்டு வந்தவரிடம் அன்று ‘நீங்கள் யார் மகன்?’ என்று கேட்டார்கள். இன்று ‘உங்கள் கட்டடத்தில் யார் வாடகைக்கு இருக்கிறார்கள்?’ என்று கேட்கிறார்கள். இந்த மாற்றத்தால் தொழிலுக்கும் ஊருக்கும் கிடைத்த நன்மை பெரிது என்று நான் நம்புகிறேன். அதே சமயம், பழைய ஏணியில் ஏறியவருக்குக் கூடவே வந்து சேர்ந்த ஓர் அறிவு, புதிய ஏணியில் ஏறுகிறவருக்குத் தானாக வருவதில்லை. அதைத் தேடிப் போகிறவர்தான் இந்தத் துறையில் கடைசிவரை நிற்கிறார்.

பர்மாவிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் சொத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதன் பலமும் ஆபத்தும் அங்கேதான் முழுதாகத் தெரிந்தது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நகரத்தார் ‘நடப்பு வட்டி’யை முடிவு செய்வார்கள். தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் அந்த வட்டியில் நடக்கும். பர்மாவில் அவர்கள் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று 1930 வாக்கில் கணக்கிட்டிருக்கிறார்கள். நெல் விளையும் நிலங்கள் ஈடு. அவர்களுக்கு நிலம் வேண்டியதில்லை. வட்டி வந்தால் போதும். பெருமந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது, கடனாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் தடுமாறினார்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் நகரத்தார் பெயரில் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம் ஆனது. கேட்காமலே நிலக்கிழார் ஆகிவிட்டார்கள். அடுத்து ஜப்பானியப் படையெடுப்பு, பிறகு பர்மா அரசின் நில நாட்டுடைமை. கைக்கு வந்த நிலத்தை விற்றுப் பணமாக்க ஒருபோதும் முடியவில்லை. ஒருவர் கடனைக் கட்டாவிட்டால் ஈடு காப்பாற்றும். எல்லாரும் கட்டாவிட்டால் ஈட்டின் விலையே இருக்காது. இந்தத் துறையில் ஒவ்வொரு தலைமுறையும் இதைத் தன் செலவில் மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறது.

அதே சமூகத்தில் பிறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் அந்தக் காலத்திலேயே வேறு பாதையில் யோசித்தார். 1937 பிப்ரவரி 10 அன்று அவர் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் கதவைத் திறந்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவர் கையில் இருந்தது. அந்த நிறுவனத்துக்காக மவுண்ட் ரோட்டில் ஒரு உயரமான கட்டடம் கட்ட ஆரம்பித்தார். 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது, கட்டடத்தை எல்.ஐ.சி. எடுத்து முடித்தது. 1959 ஆகஸ்டில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்த அந்த 177 அடிக் கட்டடம்தான் பல ஆண்டுகள் சென்னைக்கே அடையாளம்.

அந்தக் கட்டடத்தை எல்லாரும் உயரத்துக்காகப் பார்த்தார்கள். கடன் தொழிலில் இருப்பவர்கள் அதன் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் இருபது முப்பது ஆண்டு கழித்துத்தான் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய பணம். கட்டடமும் இருபது முப்பது ஆண்டு நின்று மெல்ல மெல்லப் பலன் தருவது. நீண்ட பணம் நீண்ட சொத்தில் போனது. இந்தப் பொருத்தத்தை மறந்ததால் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு பார்ப்போம்.

மவுண்ட் ரோடு தவிர்த்த மற்றச் சென்னையில் அன்றைக்கு வணிகச் சொத்து என்றால் குடும்பச் சொத்து. கடைவீதியில் ஒரு கட்டடம், ஒரு சினிமா தியேட்டர், ஒரு லாட்ஜ், ஒரு கல்யாண மண்டபம். வங்கி மேலாளரிடம் கடன் கேட்டு வருகிறவர் அந்தக் குடும்பத்தின் மூத்த மகன். மேலாளருக்கு அவருடைய அப்பாவைத் தெரியும், அவர்கள் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரியும், ஊரில் அவர்கள் பெயர் தெரியும். அந்தப் பெயருக்குத்தான் கடன். கட்டடப் பத்திரம் பெயருக்கு மேல் ஒரு காவல்.

அந்தக் காவலுக்குச் சட்டம் ஒரு எளிய வழியைச் செய்து வைத்திருந்தது. 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, சென்னை, கல்கத்தா, பம்பாய் போன்ற குறிப்பிட்ட நகரங்களில் உரிமைப் பத்திரத்தைக் கடன் கொடுப்பவர் கையில் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும். நிலம் மதுரையில் இருக்கலாம், திருநெல்வேலியில் இருக்கலாம். பத்திரம் கைமாறுவது சென்னையில் நடந்தால் போதும். வெளியூர் வியாபாரிகள் துணிப்பையில் பத்திரத்தோடு ரயிலேறிச் சென்னை வந்ததற்கு இது ஒரு காரணம். பின்னால் மற்ற ஊர்களும் அறிவிக்கப்பட்டன. இன்று அந்த ஒப்படைப்பை எம்.ஓ.டி. என்கிற குறிப்பாணையாக எழுதிப் பதிவு செய்கிறார்கள். அது வில்லங்கச் சான்றில் வந்து நிற்கிறது. ஒரே பத்திரத்தின் நகலைக் காட்டி இரண்டு வங்கிகளில் கடன் வாங்குகிற வேலை இதனால் வெகுவாகக் கடினமாகிவிட்டது.

அப்படியானால் அன்றைய மேலாளர் ஏன் வாடகையைப் பார்த்துக் கடன் கொடுக்கவில்லை? அவர் அறியாமையால் இல்லை. வாடகையை நம்ப முடியாத நிலையைச் சட்டமே உண்டாக்கியிருந்தது. 1960-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தியது. நியாய வாடகை நீதிமன்றத்தில் நிர்ணயிக்கப்படும். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல சட்டம் குறித்த காரணங்கள் வேண்டும். வழக்கு ஒரு தலைமுறை நடக்கும். பாரிமுனையில் நல்ல இடத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருந்தும், சொற்ப வாடகை தருகிற பழைய கடைக்காரர்கள் நிறைந்திருந்தால் அது உரிமையாளருக்குச் சுமைதான். ஆள் நிறைந்த கட்டடத்தைவிடக் காலிக் கட்டடத்துக்கு விலை அதிகம் என்கிற விசித்திர நிலை. இதற்கு மேல் 1978-இன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். அது 1999-இல்தான் நீங்கியது. இதற்கு மேல் பத்திரத்தில் ஒரு விலை, கையில் ரொக்கமாக ஒரு விலை. கடன் திரும்பி வராவிட்டால் சிவில் வழக்கு. அது முடிவதற்குள் மேலாளர் ஓய்வு பெற்றுவிடுவார். இத்தனை இருட்டில் மனிதரைப் பார்த்துக் கடன் கொடுத்தது நியாயமான முடிவு என்றே சொல்வேன்.

ஆனால் அந்த நியாயத்துக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர்! பெயர் இல்லாத குடும்பத்தில் பிறந்தவருக்குக் கடன் இல்லை. நகரத்தார் கடையில் பிற சமூகத்துப் பையன் மேலாள் ஆவது அரிது. பெண் அந்த ஏணியின் பக்கத்திலேயே வர முடியாது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, வேலைக்குத் தேர்வு எழுதி வரலாம் என்று ஆன பிறகு, கடன் கொடுக்கும் மேஜைக்கு அந்தப் பக்கம் புதிய ஆட்கள் வந்தார்கள். கடன் கேட்கிற பக்கம் மாறுவதற்கு இன்னும் முப்பது ஆண்டு ஆனது.

முதலீட்டுப் பக்கமோ, சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருவருக்குத் தொழிலாகவே இருக்கவில்லை. 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, வங்கி தன் சொந்த உபயோகத்துக்கு அல்லாத அசையாச் சொத்தை ஏழு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. எனவே கட்டடம் வாங்கி வாடகை ஈட்டுவது பணக்காரக் குடும்பங்களின் வேலை. அதைக் கவனிக்க ஒரு கணக்குப்பிள்ளை போதும்.

இந்த நிலை மாறத் தொடங்கியது 2000-இல். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று தரமணியில் பிரதமர் வாஜ்பாய் டைடல் பூங்காவைத் திறந்து வைத்தார். மாநில அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டியது, சுமார் 12.8 லட்சம் சதுர அடி. அது நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலையோரத்தில் அடுத்தடுத்து எழுந்த கட்டடங்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கடன் தொழிலுக்கு அதில் நடந்த மாற்றம் வேறு. முதல்முறையாக, கட்டட உரிமையாளரைவிட வாடகைக்கு இருப்பவர் பெரிய ஆளாக இருந்தார். உலகமெங்கும் கிளை உள்ள நிறுவனம், பதிவு செய்த ஒப்பந்தம், காசோலையில் வாடகை, மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு என்று எழுத்தில் இருந்தது. வருகிற வாடகையை நேராக வங்கியின் எஸ்க்ரோ கணக்குக்குத் திருப்பிவிட்டால் தவணையை எடுத்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்குக் கொடுக்கலாம். எல்.ஆர்.டி. என்று வங்கிக்காரர்கள் சொல்லும் வாடகைக் கடன் இப்படித்தான் பரவலானது. கட்டாதவர் சொத்தை நீதிமன்றம் போகாமல் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து எடுக்க 2002-இன் சர்ஃபேசி சட்டம் வழி செய்தது. ஒரு கடன் வணிகக் கட்டடக் கடனா இல்லையா என்பதற்கு ரிசர்வ் வங்கி 2009-இல் சொன்ன அளவுகோல் இந்த மாற்றத்தை ஒரு வரியில் அடக்கிவிடுகிறது: கடன் திரும்பி வருவதும், வராதபோது மீட்பதும், பெரும்பாலும் அந்தச் சொத்தின் வருமானத்தையே நம்பியிருக்கிறதா என்று பார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த வேலை என்ன என்று விளங்கும். ஒரு லட்சம் சதுர அடி அலுவலகக் கட்டடம், சதுர அடிக்கு மாதம் 70 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8.4 கோடி. சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு என்று 40 லட்சம் போனால் 8 கோடி நிற்கும். முதலீட்டாளர்கள் 8 சதவீத வருவாய் போதும் என்று நினைக்கிற சந்தையில் இந்தக் கட்டடத்தின் மதிப்பு 100 கோடி. அவர்களே நாளை 10 சதவீதம் வேண்டும் என்றால், ஒரு செங்கல்லும் நகராமல் மதிப்பு 80 கோடி ஆகிவிடும். இப்போது கடன். மதிப்பில் 60 சதவீதம் கொடுக்கலாம் என்று விதி இருந்தால் 60 கோடி வரை போகலாம் போலத் தோன்றும். ஆனால் தவணையைப்போல் 1.25 மடங்கு வருமானம் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி உண்டு. 8 கோடியை 1.25-ஆல் வகுத்தால் ஆண்டுத் தவணை 6.4 கோடி. 9 சதவீத வட்டியில் 12 ஆண்டுக் கடனுக்கு அந்தத் தவணை தாங்குவது ஏறக்குறைய 47 கோடி. இரண்டில் சிறியதுதான் கடன். வாடகைக்கு இருப்பவர்களில் கால்வாசிப் பேர் காலி செய்துவிட்டால் வாடகை 6.3 கோடி, செலவு போக 5.9 கோடி, தவணைக்கே பற்றாது. அனலிஸ்ட் வேலை என்பது இந்தக் கணக்கை நூறு விதமாகப் போட்டுப் பார்ப்பது.

இதைக் கற்றுக்கொள்வது கஷ்டம் இல்லை. ஒரு புத்திசாலிப் பட்டதாரி ஆறு மாதத்தில் பிடித்துவிடுவார். கஷ்டம் ஒப்பந்தத்தின் ஒரு சின்னப் பத்தியில் இருக்கிறது. ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் என்று தலைப்பில் இருக்கும். உள்ளே ‘லாக்-இன்’ மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு என்று இருக்கும். அதற்குப் பிறகு சில மாத நோட்டீஸ் கொடுத்து வாடகைதாரர் போகலாம். உரிமையாளர்தான் ஒன்பது ஆண்டும் கட்டுப்பட்டவர். ஆக, வங்கி மூன்று ஆண்டு வாக்குறுதியை நம்பிப் பன்னிரண்டு ஆண்டுக் கடன் கொடுக்கிறது. நடுவில் இருக்கும் ஒன்பது ஆண்டுக்கு என்ன உத்தரவாதம்? எக்செலில் இதற்கு விடை இல்லை. கட்டடத்துக்குப் போனால் உண்டு.

வாடகைதாரர் உள்ளலங்காரத்துக்கு எவ்வளவு செலவு செய்திருக்கிறார்? வெறும் மேஜை நாற்காலி போட்டிருக்கிறாரா, சர்வர் அறையும் சோதனைக் கூடமும் அமைத்திருக்கிறாரா? செலவு செய்தவர் எளிதில் கிளம்பமாட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் எவ்வளவு நேரம் கார்கள் நிற்கின்றன? ஐப்பசி மழையில் முன்சாலை எப்படி இருக்கிறது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடித்தளத்தில் தண்ணீர் ஏறியதா, ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறார்கள்? மெட்ரோ இரண்டாம் கட்டத் தூண்கள் பழைய மகாபலிபுரம் சாலையிலும் போரூர்ப் பக்கமும் நிற்கின்றன. அந்த நிலையத்திலிருந்து இந்தக் கட்டடத்துக்கு நடந்து வர நிழல் இருக்கிறதா? செக்யூரிட்டியிடமும் டீக்கடைக்காரரிடமும் பேசினால் எந்த மாடியில் ஆள் குறைந்துவிட்டது என்று ஆறு மாதம் முன்னாலேயே தெரியும். பெட்டியடிப் பையன் கடிதம் கொண்டுபோன வீடுகளில் கண்ணால் பார்த்துக் கற்றது இதைத்தான். யார் வீட்டில் நெல் குறைந்திருக்கிறது, யார் வீட்டில் விருந்தாளி வருவது நின்றுவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இன்றைய அலுவலகத்தில் இந்த அறிவு துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பத்திரம் பார்ப்பது பேனல் வழக்கறிஞர். மதிப்புப் போடுவது பதிவு பெற்ற மதிப்பீட்டாளர். சந்தை வாடகை சொல்வது சிபிஆர்இ, ஜேஎல்எல் போன்ற ஆலோசனை நிறுவனங்கள். கட்டடத்தின் பலம் பார்ப்பது இன்ஜினியர். எல்லார் அறிக்கையும் வந்து சேருகிற அனலிஸ்ட், பல சமயம் அவற்றை ஒரே கோப்பில் ஒட்டிக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். மூலப்பத்திரத்தைக் கையில் எடுத்துப் படித்ததே இல்லாமல் ஐந்தாண்டு அனுபவம் சேர்த்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன். திறமையானவர்கள், உழைப்பாளிகள். அவர்களுக்கு அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் வந்தன. 2022-இல் அந்தச் சதுப்புநிலம் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. எல்லை எங்கே முடிகிறது என்பது அதன்பின் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கேள்வி மட்டுமாக இல்லை, கடன் கொடுத்தவர்களின் கேள்வியும் ஆனது. வழக்கறிஞரின் கருத்துரையில் முப்பது ஆண்டு வில்லங்கம் சுத்தமாக இருக்கும். புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்து வைத்துப் பார்த்தால்தான் பக்கத்துச் சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கு என்று தெரியும். இப்போது இவற்றில் பெரும்பாலானவை இணையத்திலேயே கிடைக்கின்றன. முன்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் நாட்கணக்கில் காத்திருந்து பார்த்த வில்லங்கத்தை உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். வசதி இவ்வளவு வளர்ந்தும் பார்க்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

பணத்தின் திசையும் மாறியிருக்கிறது. கட்டுமானத் துறையில் வெளிநாட்டு நேரடி முதலீட்டை 2005-இல் தாராளமாக்கிய பிறகு வெளிநாட்டு நிதிகள் இந்திய அலுவலகக் கட்டடங்களை வாங்க ஆரம்பித்தன. தரமணியில் உள்ள இன்டர்நேஷனல் டெக் பார்க், அசெண்டாஸ் இந்தியா டிரஸ்ட் என்கிற அமைப்பின் சொத்தாக 2007-இலேயே சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலானது. அதாவது தரமணிக் கட்டட வாடகையில் ஒரு சிறு பங்கைச் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் சந்தையில் வாங்க முடிந்தது. தரமணியில் வேலை செய்த இளைஞருக்கு அந்த வாய்ப்பு உள்ளூரில் இல்லை. பலர் சேர்ந்து வாடகைக் கட்டடங்களில் முதலீடு செய்ய வழி செய்யும் ரீட் என்கிற அமைப்புக்கான விதிகளைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014-இல்தான் கொண்டுவந்தது; முதல் ரீட்டான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் பட்டியலானது. மணப்பாக்கம் டி.எல்.எஃப். வளாகத்தை வைத்திருக்கும் நிறுவனத்தில் சிங்கப்பூர் அரசின் ஜி.ஐ.சி. மூன்றில் ஒரு பங்கு வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் செட்டிநாட்டுப் பணம் சிங்கப்பூர் போய் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் உட்கார்ந்து கடன் கொடுத்தது. இப்போது அங்கிருந்து பணம் இங்கே வந்து வாடகை வாங்குகிறது.

ரீட் என்பது முதலீட்டுப் பக்கத்தைச் சம்பளத் தொழிலாக மாற்றிவிட்டது. சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வருவதாக இருக்க வேண்டும். பகிரத்தக்க பணத்தில் 90 சதவீதமாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் குறைந்தது இரண்டு லட்சம் போட வேண்டும் என்றிருந்ததைச் செபி படிப்படியாகக் குறைத்து, 2021-இல் 10,000 – 15,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. வடபழனி விஜயா மால், 2023-இல் பட்டியலான நெக்சஸ் ரீட்டின் சொத்து. அந்த மாலில் படம் பார்க்கப் போகிறவர் அதன் வாடகையில் ஒரு துளியை வைத்திருக்கலாம். எனக்கு இது உண்மையான மகிழ்ச்சி தருகிற மாற்றம். கட்டட வாடகை என்கிற வருமானம் தாத்தா சொத்து இல்லாதவருக்கும் எட்டியிருக்கிறது. அந்த மாலில் எந்தக் கடை எந்தத் தளத்தில் இருந்தால் வியாபாரம் நடக்கும், எந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம், எதை விடலாம் என்று முடிவு செய்கிற அசெட் மேனேஜர் வேலை, நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு முன் கிடையவே கிடையாது.

நீண்ட பணம் நீண்ட சொத்தில் போக வேண்டும் என்று சொன்னேன். 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐ.எல்.&எஃப்.எஸ். தவணை தவறியபோது அதை மறந்தவர்கள் அகப்பட்டார்கள். வங்கிகள் நிலம் வாங்குவதற்குக் கட்டுமானக்காரர்களுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்திருந்ததால், அந்த இடத்தை வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் பிடித்திருந்தன. அவற்றில் பல, சில மாதங்களில் திருப்ப வேண்டிய வணிகத் தாள்களில் பணம் திரட்டி, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பும் திட்டங்களில் போட்டிருந்தன. பழைய தாளைப் புதிய தாளால் மாற்ற முடியாமல் போன அன்றைக்கு, கட்டிக்கொண்டிருந்த கட்டடங்களுக்குப் பணம் நின்றது. அதற்குப் பத்தாண்டுக்கும் முன்பே, ஒய்.வி. ரெட்டி ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, சந்தை கொதித்துக்கொண்டிருந்த 2005, 2006-இல் வணிகக் கட்டடக் கடனுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைத் தீர்மானிக்கும் இடர் எடையை 100-இலிருந்து 125-க்கும், பிறகு 150 சதவீதத்துக்கும் உயர்த்தினார். அப்போது பலர் முணுமுணுத்தார்கள். 2008-இல் உலகம் ஆடியபோது நம் வங்கிகள் ஓரளவு நின்றதற்கு அந்த முன்யோசனைக்கும் பங்கு உண்டு. ஏறுமுகத்தில் கடனைக் குறைக்கிற மனத்திண்மை இந்தத் துறையில் அபூர்வம். மேலே போகப் போக, அதைத்தான் ஒருவரிடம் எதிர்பார்க்கிறார்கள்.

இன்னொன்றிலும் நம் பழக்கம் நம்மைக் காத்தது. அமெரிக்காவில் வணிகக் கட்டடக் கடன்களில் பெரும்பகுதி, கடன் காலம் முடியும்போது அசலின் பெரும்பகுதியை மொத்தமாகத் திருப்ப வேண்டிய வகை. கொரோனாவுக்குப் பின் அலுவலகங்கள் காலியானபோது, அசலுக்குப் புதுக்கடன் கிடைக்காமல் உரிமையாளர்கள் சாவியை ஒப்படைத்தார்கள். நம் வாடகைக் கடனில் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறது. மேலே சொன்ன பன்னிரண்டு ஆண்டுக் கடனில், எட்டு ஆண்டு முடிந்தபின் வாடகைதாரர் போனாலும், பாதிக்கு மேல் கடன் அடைந்திருக்கும்.

இப்போது இந்தத் துறையில் சேர நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும், வங்கியில் சேரலாமா, நிதியில் சேரலாமா என்றுதான். கடன் பக்கம் முதலில் போவது நல்லது என்பேன். முதலீட்டாளர் எவ்வளவு லாபம் வரும் என்று யோசிக்கப் பழகுகிறார். கடன் கொடுப்பவருக்கு எவ்வளவு நன்றாக நடந்தாலும் வட்டிதான், கெட்டால் முதலே போகும். அதனால் அவர் எப்படியெல்லாம் கெடும் என்று யோசிக்கப் பழகுகிறார். இரண்டாவதை முதலில் கற்றவர் முதலாவதை எளிதாகச் சேர்த்துக்கொள்வார். சம்பளம் தொடக்கத்தில் நிதிகளில் கூடுதல் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு பொதுத்துறை வங்கியின் கடன் பிரிவில் மூன்றாண்டு இருந்து, வராக்கடன் ஒன்றை நோட்டீசிலிருந்து ஏலம் வரை கூடவே நின்று பார்த்தவருக்குத் தெரிகிற விஷயம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. ஏலத்துக்கு வந்த கட்டடத்தை யாரும் கேட்காமல் விலையை இறக்கி இறக்கி மறு ஏலம் விடுவதைப் பார்த்தவர், அடுத்த கோப்பில் ‘சந்தை மதிப்பு’ என்று எழுதும்போது வேறு மாதிரி எழுதுவார்.

வாடகைச் சட்டமும் மாறிவிட்டது. 1960-இன் சட்டத்துக்குப் பதிலாக 2017-இன் புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், அதைப் பதிவு செய்ய ஓர் அமைப்பு, அந்த ஒப்பந்தத்தில் உள்ள வாடகை. பெரிய ஐ.டி. வளாகங்களுக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சின்னக் கட்டடங்களுக்கு. அவற்றின் வாடகையையும் இனி எழுத்தில் நம்பலாம். 2024 மார்ச்சில் செபி சிறு-நடுத்தர ரீட்டுகளுக்கு விதி வகுத்தது: 50 கோடியிலிருந்து 500 கோடி வரை மதிப்புள்ள சொத்து, ஒருவர் குறைந்தது 10 லட்சம் போட வேண்டும். குறைந்தது 500 கோடி சொத்து வேண்டும் என்ற பெரிய ரீட்டின் வாசலுக்குக் கோவை அவினாசி சாலையிலோ மதுரையிலோ திருச்சியிலோ நிற்கும் ஒற்றைக் கட்டடம் வர முடியாது. 50 கோடியின் வாசலுக்கு வர முடியும். அப்படி வருகிற கட்டடத்துக்கு நிறைவுச் சான்று இருக்கிறதா, ஒப்புதல் பெற்ற வரைபடத்துக்கு மேல் ஒரு மாடி ஏறியிருக்கிறதா, தீயணைப்புத் துறைச் சான்று எந்த ஆண்டோடு நிற்கிறது, வாகன நிறுத்துமிடத்தில் கடை போட்டிருக்கிறார்களா, தாய்ப்பத்திரத்தில் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல மும்பையிலிருந்து ஒருவர் வந்தால் போதாது. அந்த ஊர்ப் பதிவு அலுவலகமும் தெருவும் தெரிந்த, அதே சமயம் லாக்-இன் பத்தியைப் படித்துக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இப்போது மிகவும் குறைவு. வேலை காத்திருக்கிறது.